பிள்ளை பெற்ற வீட்டில் சோப்பு போட்டுக் கை கழுவும் பழக்கம்: வீடு தேடிப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கிராம சுகாதார செவிலியர், ஆஷா பணியாளர், அங்கன்வாடி பணியாளர், தன்னார்வலர் என்று பிரசவமான வீடுகளுக்குப் போய் வருகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். வீட்டில் ஒரு மருமகளோ மகளோ பிள்ளை பெற்றிருந்தால் உங்களுக்கும் இது பயன்படும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் படம் போட்ட அட்டையோடு போகிறார்கள், கிருமி பற்றிச் சொல்கிறார்கள், தாய் தலையாட்டுகிறாள், திரும்பி வந்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் எதுவும் மாறியிருக்காது. கை கழுவ வேண்டும் என்பது அந்தப் பெண்ணுக்குத் தெரியாமல் இல்லை. தண்ணீர் கொல்லையில் இருக்கிறது, சோப்பு குளியலறையில் இருக்கிறது, குழந்தை மடியில் இருக்கிறது, வயிற்றிலோ கீழேயோ தையல் இழுக்கிறது. போதாததற்குப் பச்சை உடம்போடு தண்ணீரில் கை வைக்காதே என்று பாட்டி சொல்கிறார். அதனால் வரிசை முக்கியம்: முதலில் இடம், அப்புறம் பாட்டி, அதற்கும் அப்புறம்தான் தாய்க்குச் சொல்லிக் கொடுப்பது.

1. போவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு சாதாரண குளியல் சோப்பு, அடியில் ஓட்டை உள்ள சோப்பு டப்பா, நகவெட்டி, வெளிர் நிறத்தில் ஒரு சின்னத் துண்டு. இவ்வளவு போதும்.

விலை கூடிய ‘கிருமிநாசினி’ சோப்புதான் வேண்டும் என்று சொல்லாதீர்கள். வீட்டுப் பயன்பாட்டுக்குச் சாதாரண சோப்பே போதும். தேய்ப்பதும் ஓடுகிற தண்ணீரில் அலசுவதும்தான் அழுக்கையும் கிருமியையும் கையிலிருந்து கிளப்பிக்கொண்டு போகின்றன. சோப்பு விலை ஏறினால் அந்த வீட்டில் அதைப் பூட்டி வைப்பார்கள், வேறொன்றும் நடக்காது.

டப்பாவில் ஓட்டை எதற்கு என்றால், தண்ணீரில் ஊறிக் கொழகொழத்த சோப்பை யாரும் தொட விரும்புவதில்லை. சோப்பு சீக்கிரம் கரைந்தால் ‘சோப்பு கட்டுப்படியாகவில்லை’ என்ற பேச்சும் வரும்.

2. ஏழாம் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள்

பிள்ளை பிறந்த பிறகு புதுப் பழக்கம் எதையும் தொடங்குவது கடினம். தூக்கம் இல்லை, வலி இருக்கிறது, வீடு நிறைய உறவினர். வளைகாப்பு முடிந்து முதல் பிரசவத்துக்குத் தாய் வீடு வரும் நேரம்தான் சரியான நேரம். அங்கன்வாடி மூலம் நடக்கும் சமுதாய வளைகாப்பிலும் இதைப் பேசலாம். ஆனால் அங்கே பேசியதோடு விட்டுவிடாதீர்கள், வீட்டுக்குப் போக வேண்டும்.

இந்த முதல் வருகையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. பிள்ளையோடு எந்த அறையில் படுக்கப் போகிறாள்? குழந்தையைக் குளிப்பாட்டப் போவது யார்? இரவில் துணைக்கு யார் படுப்பார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் நீங்கள் யாரிடம் பேச வேண்டும், எந்த இடத்தில் தண்ணீர் வைக்க வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

அடிக்கடி நடக்கும் தவறு: மாமியார் வீட்டில் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவது. பிரசவத்துக்கு அந்தப் பெண் போவது வேறு ஊரில் இருக்கும் அம்மா வீட்டுக்கு. எந்த ஊருக்குப் போகிறாள் என்று முதலிலேயே கேட்டு, அந்தப் பகுதி செவிலியருக்குத் தகவல் சொல்லிவிடுங்கள்.

3. படுக்கையிலிருந்து எட்டும் தூரத்தில் தண்ணீர்

பத்து அடி நடந்தால்தான் சோப்பு என்றால், நள்ளிரவு இரண்டு மணிக்கு அழுகிற பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாயும் நடக்க மாட்டாள். அதனால் கை கழுவும் இடத்தை அவளிடம் கொண்டு வர வேண்டும்.

குழாயும் வாஷ்பேசினும் அறைக்குப் பக்கத்திலேயே இருந்தால் வேலை முடிந்தது. அங்கே ஒரு தனிச் சோப்பு வைத்தால் போதும். இல்லாத வீடுகளில், குழாய் வைத்த மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி ஒன்றை முக்காலியில் வைத்து, கீழே ஒரு காலி வாளி வையுங்கள். அதற்கும் வழி இல்லையென்றால் ஒரு சொம்பு, ஒரு அகலப் பாத்திரம், ஊற்றிவிட ஒரு ஆள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: தண்ணீரைக் கையில் ஊற்ற வேண்டும், பாத்திரத்தில் கையை முக்கக் கூடாது. முதல் ஆள் கையை முக்கிய தண்ணீரிலேயே அடுத்தவரும் கையை விட்டால், ஒருவர் கையிலிருந்து இறங்கியது இன்னொருவர் கையில் ஏறும்.

தேய்ந்து சின்னதாகிப்போன குளியல் சோப்புத் துண்டுகளைச் சீவி ஒரு பாட்டில் தண்ணீரில் ஊறவைத்து, மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு வைத்தால் அதுவே கை கழுவும் திரவமாகிவிடும். சோப்பு நழுவிக் கட்டிலுக்கு அடியில் ஓடும் பிரச்சினையும் இல்லை. ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் பாட்டிலை அழுத்த முடிகிறது என்று பல தாய்மார்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். பிள்ளையைக் கீழே படுக்க வைத்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்துத் தேய்க்க வேண்டும் என்பதையும் உடனே சொல்லிவிடுங்கள்.

சானிடைசர் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதை, எழுந்திருக்கவே முடியாத நேரத்தில் பயன்படுத்தலாம். மலம், எண்ணெய், மாவு என்று கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் அது பயன்படாது, சோப்புதான் வேண்டும். கை முழுதும் உலர்ந்த பிறகே பிள்ளையைத் தொட வேண்டும். சாம்பிராணிக் கங்கு, விளக்கு பக்கத்தில் சானிடைசர் பாட்டில் இருக்கவே கூடாது. அது தீப்பிடிக்கும் பொருள். பிள்ளைக்குத் தூபம் காட்டும் வீடுகளில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

4. பச்சைத் தண்ணீர் பயம்: இதைத் தாண்டாமல் எதுவும் நடக்காது

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். கை கழுவச் சொன்னதும் பாட்டி குறுக்கே வருவார்: “நர்சம்மா, பச்சை உடம்புக்காரி. அடிக்கடி தண்ணியில கை வச்சா ஜன்னி கண்டுரும், பிள்ளைக்கும் சளி பிடிச்சிரும்.”

“அதெல்லாம் மூடநம்பிக்கை பாட்டி” என்று சொன்னீர்களானால் அந்த வீட்டுக் கதவு உங்களுக்கு மூடிவிட்டது. பாட்டி அந்தப் பெண்மேல் இருக்கும் அக்கறையில்தான் சொல்கிறார். அவர் இளம் வயதில் பிரசவ ஜன்னியில் பெண்கள் போனதைப் பார்த்திருக்கலாம், கேட்டிருக்கலாம். அந்தப் பயம் பொய் இல்லை.

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “நீங்க சொல்றது சரிதாம்மா, பச்சைத் தண்ணி வேண்டாம். வெதுவெதுப்பாத் தாங்க. ஆனா ஜன்னி வர்றதுக்கு அழுக்குக் கையும் ஒரு காரணம். துணி மாத்தின கையோட தையலைத் தொட்டா உள்ள சீழ் பிடிச்சுக் காய்ச்சல் வருது. அது வராம இருக்கத்தான் சோப்புப் போடச் சொல்றேன்.” இதில் அழுக்குக் கையைப் பற்றிச் சொல்வது பாட்டியைச் சமாதானப்படுத்துவதற்காக இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் காய்ச்சலுக்குக் கருப்பையிலோ தையலிலோ ஏறும் கிருமித் தொற்று முக்கியமான காரணம். பாட்டி எதற்குப் பயப்படுகிறாரோ அதைத் தடுக்கிற வழியே கை கழுவுவது என்று ஆகிவிட்டால், அவரே உங்களுக்கு அந்த வீட்டில் ஆளாகிவிடுவார்.

வெதுவெதுப்பான நீர் கிருமியை இன்னும் நன்றாகப் போக்குமா என்றால் இல்லை. குளிர்ந்த நீரும் சோப்பும் இருந்தாலே கை சுத்தமாகும். ஆனால் வெந்நீர் கொடுப்பதால் நட்டம் எதுவும் இல்லை, பயம் போகிறது. பத்தியச் சாப்பாட்டுக்காக அந்த வீட்டில் எப்படியும் வெந்நீர் போடுவார்கள். ஒரு பிளாஸ்கில் ஊற்றிப் படுக்கைப் பக்கம் வைக்கச் சொல்லுங்கள். முதலில் சொம்பில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் வெந்நீர் என்ற வரிசையில் விளாவ வேண்டும். தூக்கக் கலக்கத்தில் வெறும் வெந்நீரைக் கையில் ஊற்றிச் சுட்டுக்கொள்ளக் கூடாது.

ஒரு வீட்டில் பாட்டி எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சை விட்டுவிட்டு, உரை மருந்து (கல்லில் உரசிப் பிள்ளைக்குக் கொடுக்கும் நாட்டு மருந்து) யார் உரசுகிறார்கள் என்று கேட்டேன். “நான்தான், வேற யாரு?” என்றார். கல்லைக் காட்டச் சொன்னேன். எடுத்து வந்தவர், கல்லை நன்றாகக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். கல்லைக் கழுவுகிற அளவுக்குக் கையையும் கழுவுவோமே என்றதும் அவரே போய்ச் சோப்பை எடுத்து வந்தார். (பிள்ளைக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர உரை மருந்து, சேனை (பிறந்ததும் நாக்கில் வைக்கும் இனிப்பு), சர்க்கரைத் தண்ணீர் எதுவும் வேண்டாம் என்பதுதான் மருத்துவ அறிவுரை. அதையும் சொல்ல வேண்டும். ஆனால் ஒரே நாளில் இரண்டு சண்டை போட வேண்டாம்.)

5. எந்தெந்த வேளையில் கழுவ வேண்டும்

பச்சைக் குழந்தை நாளைக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கும். அதற்கு ஈடாக ஈரம் செய்யும், மலம் கழிக்கும். எடுத்த எடுப்பில் எல்லா வேளையையும் பட்டியல் போட்டால் தாய் மலைத்துப்போவாள். இரண்டில் தொடங்குங்கள்.

முதலாவது, அசுத்தத்தைத் தொட்ட பின்: கழிப்பறை போய் வந்த பின், தன் நாப்கினோ துணியோ மாற்றிய பின், பிள்ளையின் மலத்தைத் துடைத்த பின். ‘தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை, அதன் மலத்தில் என்ன இருக்கிறது’ என்று பலரும் தண்ணீரில் விரலை நனைத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். அதிலும் நோய் பரப்பும் கிருமி இருக்கும்.

இரண்டாவது, பால் கொடுக்கும் முன். கை மார்பைத் தொடுகிறது, பிள்ளையின் வாயைத் தொடுகிறது. செல்போனைக் கீழே வைத்துவிட்டுப் பால் கொடுக்க உட்காருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

இந்த இரண்டும் படிந்த பிறகு மற்றதைச் சேர்க்கலாம்: தொப்புளைத் தொடும் முன், குளிப்பாட்டும் முன், பால் பீய்ச்சும் முன், தும்மி மூக்கைச் சிந்திய பின்.

இங்கே ஒரு குழப்பத்தைக் கட்டாயம் தீர்க்க வேண்டும். கழுவச் சொல்வது கையை, மார்பை இல்லை. ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டு மார்பைக் கழுவினால் காம்பு வறண்டு வெடிக்கும், பால் கொடுப்பதே வேதனையாகும். தினமும் குளிக்கும் சுத்தம் மார்புக்குப் போதும்.

6. கழுவும் முறை

சொல்லிக் கொடுக்காதீர்கள், செய்து காட்டுங்கள். உங்கள் கையை அவள் எதிரே கழுவுங்கள். அப்புறம் அவளைச் செய்யச் சொல்லிப் பாருங்கள்.

வளையலை முழங்கைப் பக்கம் தள்ளி ஏற்றிக்கொள்ள வேண்டும். வளைகாப்புக் கண்ணாடி வளையல் கை நிறையக் கிடந்தால் மணிக்கட்டில் சோப்பே படாது. மோதிரத்தைக் கழற்றி வைக்கலாம். நகம் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். எண்ணெயும் மாவும் தங்குவது நகக்கண்ணில்தான்.

கையை நனைத்து, சோப்பு நுரைக்கும் வரை தேய்த்து, உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டை விரல், நக நுனி, மணிக்கட்டு என்று போக வேண்டும். 20 நொடியாவது தேய்க்க வேண்டும். ‘ஆராரோ ஆரிரரோ’ என்று நிதானமாக நாலைந்து முறை பாடினால் நேரம் சரியாக இருக்கும், பிள்ளையும் அம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள் என்று அடங்கும். எல்லோரும் விட்டுவிடுவது கட்டை விரலையும் நக நுனியையும்.

அப்புறம் துடைப்பது. இவ்வளவும் செய்துவிட்டு முந்தானையில் அல்லது நைட்டியில் கையைத் துடைத்துக்கொள்வார்கள்! பால் கக்கியது, பிள்ளை ஈரம் செய்தது, அடுப்படிக் கரி எல்லாம் அந்தத் துணியில்தான் இருக்கிறது. நீங்கள் கொண்டுபோன வெளிர் நிறத் துண்டு இதற்குத்தான். அழுக்கானால் பளிச்சென்று தெரியும், தினமும் துவைக்கத் தோன்றும். துண்டு இல்லாவிட்டால் கையை உதறிக் காற்றில் உலர விடலாம்.

7. தாயின் கை மட்டும் போதாது

பிள்ளையை நாள் முழுக்கத் தொடுகிறவர்களை எண்ணிப் பாருங்கள். காலை நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டுகிற பாட்டி, வேலை முடிந்து வந்ததும் தூக்குகிற தகப்பன், பள்ளியிலிருந்து ஓடி வந்து கன்னத்தைக் கிள்ளுகிற அக்கா, பிள்ளை பார்க்க வருகிற ஊர் முழுக்க.

இவர்களில் பாட்டியின் கைதான் முதல். வாயில் விரல் விட்டுச் சளி எடுப்பதும், மூக்கில் ஊதுவதும், தொப்புளில் எண்ணெய் அல்லது மஞ்சள் வைப்பதும் பல வீடுகளில் இன்னும் உண்டு. இவை மூன்றும் வேண்டாம் என்பதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். தொப்புள் காய்ந்து தானே விழ வேண்டும், அதில் எதுவும் பூசக் கூடாது.

பிள்ளை பார்க்க வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது? “சோப்பு போட்டுவிட்டு வாருங்கள்” என்று ஒரு சம்பந்தியிடம் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள், சொல்லச் சொல்வதும் நியாயமில்லை. நம் வீடுகளில் ஏற்கனவே ஒரு வழக்கம் இருக்கிறது: வெளியிலிருந்து வந்தால் கை கால் கழுவிக்கொண்டுதான் பிள்ளை இருக்கும் அறைக்குள் போக வேண்டும். அந்த வழக்கத்தோடு ஒரு சோப்பைச் சேர்த்துவிடுங்கள். வாசலில் தண்ணீர் வாளி, சொம்பு, பக்கத்தில் சோப்பு. வீட்டில் மூத்தவர் ஒருவர் “கை கால் கழுவிட்டு வாங்க, சோப்பு அங்கதான் இருக்கு” என்று சொன்னால் யாருக்கும் மனம் கோணாது. பிள்ளையின் கையில் ரூபாய் நோட்டைத் திணிப்பதையும் தாயிடமோ பாட்டியிடமோ கொடுக்கும்படி மாற்றிவிடலாம். அந்தக் கை நேரே வாய்க்குத்தான் போகும்.

சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருக்கிறவர்கள் கை கழுவினாலும் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போகட்டும்.

8. எதைச் சொல்லிப் பேசுவது

ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் 14 கிராமங்களில் ‘சூப்பர் அம்மா’ என்ற பெயரில் ஒரு முயற்சியை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்தார்கள். அதன் முடிவு 2014-இல் வெளியானது. அதில் நோய், கிருமி என்ற பேச்சை முன்னால் வைக்கவில்லை. அருவருப்பு, பிள்ளையை நல்லபடி வளர்க்கும் அம்மாவின் பெருமை, நாலு பேர் செய்வதை நாமும் செய்வது ஆகிய உணர்வுகளைத் தொட்டார்கள். தொடக்கத்தில் முக்கியமான வேளைகளில் சோப்பு போட்டுக் கை கழுவியது 1 சதவீதம் அளவில்தான் இருந்தது. ஆறு மாதம் கழித்து, முயற்சி நடந்த கிராமங்களில் அது 37 சதவீதமாகவும், நடக்காத கிராமங்களில் 6 சதவீதமாகவும் இருந்தது.

நமக்கு இதில் பாடம் இருக்கிறது. ‘கழுவாவிட்டால் பிள்ளை செத்துப்போகும்’ என்று பச்சை உடம்புக்காரியிடம் பயம் காட்டவே கூடாது. பிரசவத்துக்குப் பிறகு பல பெண்களுக்கு மனம் ஏற்கனவே தளர்ந்திருக்கும். குற்ற உணர்வு பழக்கத்தை வளர்க்காது, உங்களிடம் பொய் சொல்ல வைக்கும். “உன் பிள்ளையைத் தொடுறதுக்கு முன்னாடி எல்லாரையும் கை கழுவ வைக்கிற உரிமை உனக்கு இருக்கும்மா” என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும்.

இறப்பு எண்ணிக்கை தாய்க்கு வேண்டாம், ஆனால் நமக்கு வேண்டும். நேபாளத்தின் சர்லாஹி மாவட்டத்தில் 23,000-க்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளைக் கவனித்து 2008-இல் வெளியான ஆய்வில், பிள்ளையைத் தொடும் முன் கை கழுவிய தாய்மாரின் குழந்தைகளிடையே இறப்பு 44 சதவீதம் குறைவாக இருந்தது. பெரும்பாலும் வீட்டிலேயே பிரசவம் நடந்த பகுதி அது, அதனால் அதே அளவு நம் ஊரிலும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் சோர்ந்துபோகும் நாளில் நாம் ஏன் இதைச் செய்கிறோம் என்பதற்கு இது போதும்.

9. கேட்காதீர்கள், பாருங்கள்

பிரசவத்துக்குப் பின் வீட்டு வருகைக்குத் தேசியத் திட்டத்தில் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களை வகுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ‘கை கழுவுகிறாயா’ என்று கேட்டால் ‘ஆமாம்’ என்றுதான் பதில் வரும்.

சோப்பைப் பாருங்கள். டப்பாவில் சோப்பு பளபளவென்று காய்ந்து, மேலே அச்சடித்த பெயர் எழுத்து அப்படியே நின்றால் அதை யாரும் தொடவில்லை. உறை பிரிக்காமல் அலமாரியில், குழந்தைக்கு வந்த பவுடர் டப்பாக்களோடு அடுக்கி வைத்திருப்பதும் உண்டு. எழுத்து அழிந்து, ஓரம் தேய்ந்து, ஈரமாக இருந்தால் வேலை நடக்கிறது. துண்டையும் பாருங்கள், வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

உள்ளே போனதும் முதலில் நீங்கள் கை கழுவுங்கள். இது சோதனையும்கூட: சோப்பைத் தேடி ஓடுகிறார்கள் என்றால் அது வழக்கமான இடத்தில் இல்லை என்று அர்த்தம்.

பழக்கம் நின்றுபோயிருந்தால் திட்டாதீர்கள், எங்கே அறுந்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் சோப்பு தீர்ந்திருக்கும், அல்லது வாளி நிரப்பி வந்த ஆள் ஊருக்குப் போயிருப்பார். வாளி நிரப்பும் வேலையைத் தகப்பனிடம் பெயர் சொல்லிக் கொடுங்கள். அவருக்கென்று ஒரு வேலை கிடைத்ததில் மகிழ்ச்சிதான் அடைகிறார்கள்.

10. கை கழுவியும் பிள்ளைக்கு முடியாமல் போனால்

கை கழுவுவது தொற்றைக் குறைக்கும், முழுதும் தடுத்துவிடாது. இதை முன்பே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆனதும் பழி தாயின்மேல் விழும்.

பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, வலிப்பு, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, உடம்பு சுடுவது அல்லது சில்லிடுவது, தொப்புளைச் சுற்றிச் சிவந்து சீழ் வருவது, உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சளாவது: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கை வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டிக்கு 108. இந்த எண்ணைப் பாட்டிக்கும் தெரியும்படி சுவரில் எழுதி வையுங்கள்.

11. புகுந்த வீட்டுக்குப் போகும்போது

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ பிள்ளையோடு மாமியார் வீட்டுக்குப் போவார்கள். பழக்கம் பெரும்பாலும் இங்கேதான் அறுந்துபோகிறது. இடம் புதிது, அடுப்படி வேலையும் சேர்ந்துகொள்ளும், சோப்பு மறுபடியும் குளியலறைக்குப் போய்விடும்.

அதனால் பிள்ளையின் துணிமணியோடு சோப்பு டப்பா, துண்டு, சோப்புத் தண்ணீர் பாட்டில் மூன்றையும் கட்டி அனுப்பச் சொல்லுங்கள். போன அன்றே படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். ஆறு மாதம் முடிந்ததும் பருப்புச் சோறு பிசைந்து ஊட்டத் தொடங்குவார்கள். பிசைகிற கையும் பிள்ளையின் கையும் இரண்டும் கழுவ வேண்டும் என்பதை அந்தப் பகுதி அங்கன்வாடி பணியாளரிடம் சொல்லி ஒப்படைத்துவிட்டால் உங்கள் பக்கத்து வேலை முடிந்தது.